கைக்குழந்தையோடு பயணம்: பையைவிட மணிக்கணக்கு முக்கியம்

குழந்தை பிறந்துவிட்டால் இனி எங்கே ஊர் சுற்றுவது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மூட்டை முடிச்சை நினைத்துத்தான் மலைக்கிறார்கள். மூட்டையை எப்படியாவது கட்டிவிடலாம். வழியில் காலை வாரிவிடுவது நேரம்தான். பால் எத்தனை மணி நேரம் தாங்கும், குழந்தை எவ்வளவு நேரம் கார் சீட்டில் இருக்கலாம், விமானம் எப்போது இறங்கத் தொடங்கும் என்று தெரிந்துகொண்டு டிக்கெட் எடுங்கள்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையோடு போவதுதான் இருப்பதிலேயே சுலபம். பாலை எடுத்துவைத்துக்கொண்டு போவதானால், 25 டிகிரிக்கு மேற்படாத அறை வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும். கெட்டியாக உறைந்த ஐஸ் பேக்குகளோடு கூலர் பையில் வைத்தால் 24 மணி நேரம். பையை அடிக்கடி திறந்து பார்த்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

பவுடர் பாலில்தான் தவறு அதிகம். வீட்டிலேயே நாலு பாட்டில் கலந்து எடுத்துப்போவது முதல் தவறு. பவுடர் கிருமி நீக்கிய பொருள் இல்லை. அதனால்தான் காய்ச்சிய தண்ணீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்கும்போதே கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கலந்த பால் வெளியில் 2 மணி நேரம்தான். குழந்தை வாய் வைத்துவிட்டால் 1 மணி நேரத்துக்குள் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்துப்போங்கள்: ஃப்ளாஸ்க்கில் கொதிநீர், ஒரு வேளைக்கு ஒரு சின்ன டப்பா என்று அளந்து போட்ட பவுடர், கொதிக்கவைத்துக் காயவைத்து மூடிய பாட்டில்கள். ஃப்ளாஸ்க்கைக் கழுத்து வரை நிரப்புங்கள். பாதி நிரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும். கலந்த பால் ஆறுவதற்கு, பாட்டிலை மூடியோடு ஒரு குவளைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி, நடுநடுவே சுழற்றி, மணிக்கட்டின் உட்புறம் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் கொடுக்கலாம். இதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்பதால், குழந்தை கையைச் சூப்பத் தொடங்கும்போதே ஃப்ளாஸ்க்கைத் திறந்துவிடுங்கள். அழ ஆரம்பித்த பிறகு பால் ஆறக் காத்திருப்பது பக்கத்து இருக்கைக்காரருக்கும் தண்டனை.

விமான நிலையச் சோதனையில், கைப்பையில் கொண்டுபோகும் திரவங்களுக்கான 100 மி.லி. கட்டுப்பாட்டிலிருந்து குழந்தையின் பாலுக்குப் பெரும்பாலான இடங்களில் விலக்கு உண்டு. கேட்கும் முன்பே தனியாக எடுத்துத் தட்டில் வைத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். முன்சுவரில் மாட்டும் பாசினெட் தொட்டில்கள் சிலவே இருக்கும். எடை வரம்பும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிக்கெட் எடுத்த அன்றே கேட்டு வையுங்கள். ஆனால் அதை நம்பி இரவு முழுக்கத் தூங்கலாம் என்று நினைக்காதீர்கள். விமானம் குலுங்கி சீட் பெல்ட் விளக்கு எரிந்தால், தூங்குகிற குழந்தையையும் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

காதுவலி வருவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். வெளிக்காற்றின் அழுத்தம் கூடும்போது நடுக்காதின் அழுத்தம் அதற்கு ஈடாக வேண்டும். அதற்கான குழாய் விழுங்கும்போது திறக்கிறது. தரை தொடுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பே இறக்கம் தொடங்கிவிடும். கடைசி ஐந்து நிமிடத்துக்காகப் பாலைச் சேமித்து வைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அறிவிப்பு வந்ததும் கொடுக்கத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போங்கள்.

டயப்பர் கணக்கு எளிது: பயண நேரத்தில் மணிக்கு ஒன்று, தாமதத்துக்கென்று இன்னும் ஐந்தாறு. ஒரு ஜிப் கவரில் ஒரு டயப்பர், ஒரு மாற்றுடை, கொஞ்சம் ஈரத்தாள் என்று கட்டுக்கட்டாகப் போட்டு வைத்தால் ஒரு கையால் எடுக்கலாம்; அழுக்குத் துணியும் அதே கவரில் போய்விடும். பெற்றவர்களுக்கு ஒரு மாற்றுச் சட்டை கைப்பையிலேயே இருக்கட்டும். பெட்டியில் போட்டுப் பயனில்லை.

காரில் போவதானால், குழந்தைகளுக்கென்றே உள்ள வார் வைத்த சீட்டை, குழந்தையின் முகம் பின்பக்கம் பார்க்கும்படி பொருத்துங்கள். தடித்த ஸ்வெட்டரின் மேல் வாரைக் கட்டினால், மோதும்போது துணி அமுங்கி வார் தளர்ந்துபோகும். மெல்லிய உடையோடு கட்டி, மேலே போர்த்துங்கள். தோள்பட்டை அருகே வாரை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி வெளியே எடுத்து மல்லாக்கப் படுக்க வையுங்கள். போய்ச் சேர்ந்ததும், தூக்கம் கலையக்கூடாது என்று சீட்டோடு அறைக்குள் தூக்கிப்போய்ப் படுக்க விட்டுவிடுவார்கள் பலர். தாடை மார்பில் கவிழ்ந்தால் மூச்சுப்பாதை அடைபடும்.

மருந்துப் பையில் ஒரே ஒரு எச்சரிக்கை. பாரசிட்டமால் சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல. சொட்டு மருந்து பல மடங்கு செறிவாக இருக்கலாம். ஊர் மாறிப் புது பாட்டில் வாங்கினால் பழைய அளவை ஊற்றிவிடாமல், ஒரு மி.லி.யில் எத்தனை மில்லிகிராம் என்று படித்துவிட்டு எடைக்கு ஏற்பக் கேட்டுக் கொடுங்கள். 3 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தால் மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம், உடனே மருத்துவரிடம். அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அருகில் இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று வரவேற்பறையில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.