சென்டிமீட்டரிலிருந்து ஆண்டுக்கு: வங்கக்கடல் சேற்றோடு என் அனுபவம்

கடலடிச் சேற்றை ஆராய்கிறேன் என்று சொன்னவுடன் எல்லாரும் கேட்பது, "அதில் என்ன கிடைத்தது?" என்றுதான். பருவமழை தளர்ந்த காலம், கடல் உப்பேறிய காலம், எரிமலைச் சாம்பல் என்று பதில் சொல்லலாம். ஆனால் அந்தப் பதில்களுக்கெல்லாம் முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது: எப்போது? குழாயில் ஏறிவரும் சேற்றுக்கு ஆழம் உண்டு, தேதி கிடையாது. எந்தச் சென்டிமீட்டர் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று கண்டறிவதில்தான் என் முனைவர் பட்ட ஆய்வின் பெரும்பகுதி கழிந்தது. ஆய்வுக் கட்டுரையில் இரண்டு பத்திகளில் அடங்கிவிடும் அந்த வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் கோர், அதாவது குழாயில் நீளமாக எடுத்த சேற்றுத் தண்டு, வங்கக்கடலின் சரிவிலிருந்து, ஏறக்குறைய இரண்டாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கப்பட்டது. உச்சியில் பெரும் எடை பொருத்திய எஃகுக் குழாய், அதற்குள் பிளாஸ்டிக் உறைக்குழாய், அடியில் சேறு நழுவாமல் தடுக்கும் உலோக இதழ்கள். கருவி அவ்வளவுதான். கம்பியில் இறக்கி விட்டால் சொந்த எடையாலேயே சேற்றுக்குள் இறங்கும். 1940களில் ஸ்வீடனின் கடலியலாளர் குல்லன்பெர்க் உள்ளே உந்துதண்டு வைத்த கருவியை உருவாக்கினார். 1947-48இல் 'அல்பட்ராஸ்' கப்பல் அதைக் கொண்டு பத்து மீட்டருக்கும் மேல் நீளமான கோர்களை எடுத்தது. எங்களுடையது எளிய வகை. ஐந்து மீட்டர் வந்தது.

இந்த வகைக் கருவியில் ஒரு குறை இருக்கிறது. குழாய் தரையைத் தொடும் வேகத்தில், கஞ்சியாகக் கிடக்கும் மேல்சேறு விலகிப் போய்விடும். கோரின் பூஜ்யம் உண்மையான கடலடியின் பூஜ்யம் அல்ல. அதனால் அதே இடத்தில், மேற்பரப்பைக் கலைக்காமல் எடுக்கும் குறுங்குழாய்க் கருவியையும் இறக்கினோம். அதன் சேற்றில் ஈயம்-210 அளந்தோம். 22 ஆண்டு அரைவாழ்வு கொண்ட, அதாவது அவ்வளவு காலத்தில் பாதியாகச் சிதையும் இந்தக் கதிரியக்க ஐசோடோப்பு (ஈயத்தின் ஒரு வகை), வேகமாகப் படியும் ஏரிகளிலும் கழிமுகங்களிலும் கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளைத் தெளிவாகக் காட்டும். எங்கள் இடத்தில் சேறு படிவதோ மிக மெதுவாக. புழுக்களும் நண்டுகளும் மேல்சேற்றை ஓயாமல் கிளறிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே ஈயம் எங்களுக்கு வயதைச் சொல்லவில்லை. எவ்வளவு ஆழம் வரை கிளறப்படுகிறது என்பதைச் சொன்னது. பல கடல்களில் இது சுமார் பத்து சென்டிமீட்டர். இந்தப் பத்து சென்டிமீட்டர் பின்னால் எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமாகப் போகிறது என்பதை நான் அப்போது உணரவில்லை.

கோரைத் திறக்கும் நாள் எனக்கு மிகவும் பிடித்த நாள். உறைக்குழாயின் இரு பக்கங்களையும் ரம்பத்தால் அறுத்து, மெல்லிய கம்பியை நீளவாட்டில் இழுத்தால் சேறு இரண்டு பாதிகளாகப் பிரியும். ஒரு பாதி காப்பகத்துக்கு, மறுபாதி வேலைக்கு. அழுகிய முட்டையின் வாடை சற்றே எழும்; உச்சியில் பழுப்பு, அதற்குக் கீழே பச்சை கலந்த சாம்பல் நிறம். முகப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யும்போது குறுக்காகவே சுரண்ட வேண்டும். நீளவாட்டில் இழுத்தால் ஓர் ஆழத்துச் சேற்றை இன்னோர் ஆழத்தின் மேல் பூசிவிடுவோம். குழாய்ச் சுவரை ஒட்டிய சேறும் வேண்டாம், இறங்கும்போது அது கீழே இழுபட்டிருக்கும். நடுப்பகுதியை ஒரு சென்டிமீட்டர் தடிமனில் வெட்டி, ஆழம் எழுதிய பையில் போட்டு, உறையவைத்து உலர்த்தினோம்.

அடுத்து 63 மைக்ரான் சல்லடையில் அலசல். களிமண் எல்லாம் ஓடிப்போன பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் ஃபோராமினிஃபெரா என்ற ஒருசெல் கடலுயிரிகளின் ஓடுகள், வெள்ளை ரவையைப் போல. ஒவ்வொரு மாதிரிக்குப் பின்னும் சல்லடையை மெத்திலீன் நீலச் சாயத்தில் முக்கி எடுப்போம். கண்ணியில் சிக்கிக்கொண்ட பழைய ஓடு நீலமாகிவிடும். அடுத்த மாதிரியில் நீல ஓடு தென்பட்டால் அது வேறு ஆழத்திலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளலாம். விலையில்லாத அளவுக்கு எளிய இந்த உத்தியை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரே ஒரு ஓடு இடம் மாறுவது கூடாது என்று நினைத்த யாரோ ஒருவரின் அக்கறை அதில் இருக்கிறது.

பொறுக்கும் வேலைதான் நீண்டது. கட்டம் போட்ட கறுப்புத் தட்டில் ஓடுகளைப் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்க வேண்டும். எங்களுக்கு வேண்டியது குளோபிஜெரினாய்டஸ் ரூபர் என்ற இனம். கடலின் மேல்மட்டத்தில் சில வாரங்களே மிதந்து வாழ்ந்து, இறந்ததும் அடியில் விழுவது. அதிலும் இரண்டு உருவங்கள் உண்டு. ஒன்று மேற்பரப்பை ஒட்டியே வாழும். மற்றொன்று சற்று ஆழத்தில். கலந்து எடுத்தால் இரண்டு வெவ்வேறு நீரின் செய்தி ஒன்றாகிவிடும். எனக்குப் பொறுக்கக் கற்றுக்கொடுத்தது ஆய்வகத்தில் மூத்தவரான ஓர் அக்கா. "சந்தேகமாக இருக்கிறதா? எடுக்காதே. தட்டில் இன்னும் நிறைய இருக்கின்றன" என்பார். இந்த ரூபரின் இளஞ்சிவப்பு வகை இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் ஏறக்குறைய 1,20,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்டது. அட்லாண்டிக்கில் மட்டும் இன்றும் இருக்கிறது. வங்கக்கடல் கோரில் இளஞ்சிவப்பு ஓடுகள் தொடர்ந்து வரத் தொடங்கினால் எந்தக் கருவியும் இல்லாமலேயே அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டோம் என்று சொல்லிவிடலாம். எங்கள் குழாய் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனாலும் அடிப்பகுதி மாதிரிகளில் நான் அதைத் தேடாமல் இருந்ததில்லை.

கார்பன்-14க்கு வருகிறேன். உயிரி இறந்தபின் மெல்லச் சிதைந்து குறையும் கதிரியக்கக் கார்பன் இது; எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதிலிருந்து வயது கிடைக்கும். ஒரு மில்லிகிராம் கார்பன் வேண்டுமானால் எட்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியம் கார்பனேட் தேவை. 250 முதல் 355 மைக்ரான் அளவுள்ள ஒரு ரூபர் ஓட்டின் எடை பத்து மைக்ரோகிராம் அளவில் இருக்கும். ஒரு தேதிக்கு எத்தனை நூறு ஓடுகள் பொறுக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மாதிரிகளை, கார்பன்-14 அணுக்களை எண்ணும் முடுக்கி நிறைமானி உள்ள மையத்துக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தோம்.

வந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கடல்நீரின் கார்பன் வளிமண்டலத்தினுடையதைவிடப் பழையது. நேற்று இறந்த உயிரியின் ஓடுகூடச் சில நூறு ஆண்டு வயதைக் காட்டும். இதற்கான உலகச் சராசரித் திருத்தத்தோடு, அந்தந்தக் கடலுக்கென உள்ளூர்த் திருத்தமும் வேண்டும். அதை எப்படிக் கண்டறிகிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும். 1950களின் அணுகுண்டுச் சோதனைகள் வளிமண்டலத்தைக் குலைப்பதற்கு முன், பிடித்த இடமும் ஆண்டும் குறித்து அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்ட சிப்பிகளை எடுத்து அளக்கிறார்கள். உண்மையான வயது தெரிந்திருப்பதால், கடல் கூட்டிச் சொல்வது எவ்வளவு என்பது கிடைத்துவிடுகிறது. நூறாண்டுக்கு முன் ஒரு சிப்பியின் மேல் சீட்டு ஒட்டி வைத்தவரால்தான் எங்கள் கணக்கு நிற்கிறது.

எங்கள் தேதிகளில் ஓரிடத்தில் வரிசை தலைகீழாக இருந்தது. மேலே இருந்த மாதிரி கீழே இருந்ததைவிட ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழையதாக வந்தது. கருவியில் கோளாறு என்று சொல்லி அந்தத் தேதியை நீக்கிவிடுவது எளிது. எங்கள் பேராசிரியர் அதற்கு ஒப்பவில்லை. "தேதி பொய் சொல்லவில்லை. அந்தச் சேறு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்" என்றார். காப்பகப் பாதியை மீண்டும் வெளியே எடுத்தோம். அந்த ஆழத்தில் அடியில் பருமணல், மேலே போகப் போக நுண்மை, அபிரகம் மின்னியது, கரையோர ஆழமற்ற நீரில் வாழும் ஃபோராமினிஃபெரா ஓடுகள் கலந்திருந்தன. மேலிருந்த சரிவு குலைந்து, சேறும் மணலும் நீரோடு பாய்ந்து வந்து படிந்த அடுக்கு அது. ஆயிரம் ஆண்டுகளில் சேர வேண்டிய தடிமன் சில மணி நேரத்தில் சேர்ந்துவிட்டது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் வங்கக்கடலில் இத்தகைய அடுக்குகள் அரிதல்ல. அந்தத் தடிமனை ஆழக் கணக்கிலிருந்தே கழித்துவிட்டுப் புதிய ஆழ அளவுகோல் ஒன்றை உருவாக்கினோம். அதன்பிறகு தேதிகள் வரிசைக்கு வந்தன.

கார்பன்-14 ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் உதவாது. அதற்குக் கீழே எங்களுக்குக் கைகொடுத்தது டோபா. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் வெடித்த அந்த எரிமலையின் சாம்பல் வங்கக்கடலிலும் இந்திய நிலப்பரப்பிலும் படிந்திருக்கிறது. நுண்ணோக்கியில் அது நிறமற்ற கண்ணாடிச் சில்லு, உடைந்த குமிழிகளின் வளைந்த விளிம்புகளோடு. நான்கரை மீட்டரை நெருங்கும்போது அந்தச் சில்லுகள் தட்டில் திடீரெனப் பெருகியதைப் பார்த்து ஆய்வகத்தில் எல்லாரையும் கூப்பிட்டேன். அதுவரை கணிப்பால் மட்டும் நீட்டிக்கொண்டு வந்த கோட்டுக்குக் கீழ்முனையில் ஓர் ஆணி கிடைத்தது.

தேதிகளையும் சாம்பலையும் இணைத்து 'பேக்கன்' என்ற மென்பொருளில் ஆழ-வயதுக் கோடு வரைந்தோம். ஆயிரம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் துண்டு 170 ஆண்டுகளைத் தாங்கியிருக்கிறது. புழுக்கள் கிளறும் பத்து சென்டிமீட்டரோ ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேல்.

இந்த இடத்தில் ஓடுகளின் ஆக்சிஜன் ஐசோடோப்பு பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டில் கனமான ஆக்சிஜன் வகையான ஆக்சிஜன்-18 கூடியிருந்தால் நீர் குளிர்ந்திருக்கலாம், துருவப் பனி பெருகியிருக்கலாம், ஆற்றுநீர் குறைந்து கடல் உப்பேறியிருக்கலாம். ஒரே எண்ணுக்கு மூன்று காரணங்கள். 1955இல் எமிலியானி என்ற ஆய்வாளர் இதைப் பெரும்பாலும் வெப்பநிலையாகவே படித்தார். அதில் பனியின் பங்கே பெரிது என்று 1967இல் ஷாக்கிள்டன் என்ற ஆய்வாளர் காட்டினார். நாங்கள் அதே இனத்தின் ஓடுகளில் மக்னீசியம்-கால்சியம் விகிதத்தை அளந்து வெப்பநிலையைப் பிரித்தோம். ஒரு டிகிரிக்கு அது சுமார் 9 சதவீதம் மாறும். கடல்மட்ட வரலாற்றைக் கொண்டு பனியின் பங்கைக் கழித்தோம். மிஞ்சியது நீரின் உப்பு, அதாவது ஆறுகள் கொண்டுவந்த பருவமழையின் செய்தி.

கோடு அழகாக வந்தது. பனியுகத்தின் இறுதியில் உப்பான வங்கக்கடல், பிறகு நன்னீர் பெருகுதல், இடையில் ஒரு சிறு பின்னடைவு, மீண்டும் பெருக்கம். அந்தப் பின்னடைவு 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முன் வட அட்லாண்டிக் குளிர்ந்த காலத்தோடு பொருந்துவதாகத் தெரிந்தது. கிரீன்லாந்து பனித்தண்டின் கோட்டோடு நூறாண்டு துல்லியத்தில் ஒப்பிட்டு, எது முந்தியது என்று எழுத வேண்டும் என்ற ஆசை எங்கள் குழுவில் இருந்தது. நான் அதற்கு உடன்படவில்லை. அந்தக் குளிர்ந்த காலத்தின் நீளமே 1,200 ஆண்டுதான். புழுக்கள் எங்கள் சேற்றைக் கலக்கிய கால அளவு அதைவிடப் பெரியது. நாங்கள் பார்ப்பது மங்கிய நிழல். பருவமழை அக்காலத்தில் தளர்ந்தது என்று சொல்லலாம். அட்லாண்டிக் குளிருக்கு முன்னா பின்னா என்று இந்தக் கோரை வைத்துச் சொல்லக் கூடாது. நீண்ட விவாதத்துக்குப் பின் கட்டுரையில் அப்படித்தான் எழுதினோம்.

எல்லாச் சேறும் இப்படி மங்கலானதல்ல. ஜப்பானின் சுய்கெட்சு ஏரியடியில் ஆண்டுக்கொரு மெல்லிய அடுக்கு கலையாமல் படிந்திருக்கிறது. அங்கே 2006இல் எடுத்த கோர்களில் இருந்த இலைகளின் கார்பனை அளந்தது, கார்பன்-14 எண்ணை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் உலக அளவுகோல் ஏறக்குறைய 50,000 ஆண்டுகள் வரை உறுதிப்பட உதவியது. நம் மலைகளில் நிலைமை வேறு. கொடைக்கானல் ஏரி 1863இல் உருவாக்கப்பட்டது. அதன் சேற்றில் நூற்றறுபது ஆண்டு வரலாறுதான் இருக்கும். அங்கே ஈயம்-210 நன்றாகவே உதவும். அணுகுண்டுச் சோதனைகளின் சீசியம்-137 உச்சம் 1963ஐக் குறித்துக் கொடுக்கும். பழைய காலத்துக்கு நீலகிரியின் சதுப்புக் கரிமண்ணைத்தான் தேட வேண்டும். சுகுமார், ரமேஷ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1993இல் அந்தக் கரிமண்ணின் கார்பன் ஐசோடோப்பிலிருந்து, ஈரம் விரும்பும் தாவரங்களும் வறட்சி தாங்கும் புற்களும் இருபதாயிரம் ஆண்டுகளாக மாறி மாறி ஓங்கியதைப் படித்துக் காட்டினார்கள். அதே வகை மண்ணில் வேலை செய்யும் என் தோழிக்குக் கடல்நீர்த் திருத்தம் பற்றிய கவலை இல்லை; மேலிருந்து இறங்கும் வேர்கள் புதிய கார்பனைக் கொண்டுசேர்ப்பதுதான் அவருக்குத் தலைவலி.

கட்டுரையோடு தரவுகளை ஒப்படைத்தபோது, கணக்கிட்ட வயதுகளோடு திருத்தப்படாத கார்பன்-14 எண்களையும், எங்கே எத்தனை சென்டிமீட்டர் கழித்தோம் என்பதையும், கழிக்காத ஆழங்களையும் சேர்த்தே கொடுத்தோம். நாங்கள் வேலையைத் தொடங்கியபோது கடலுக்கான கார்பன்-14 அளவுகோல் 2013ஆம் ஆண்டினுடையது. முடிக்கும் முன் 2020இன் புதியது வந்து, எல்லா வயதுகளையும் மறுபடி கணக்கிட வேண்டியதாயிற்று. இனியும் மாறும். காப்பகப் பாதி நான்கு டிகிரி குளிரறையில், பையெண்களின் பட்டியலோடு, கேட்பவர்களுக்குத் தர ஆயத்தமாக இருக்கிறது.