புது கார்ல செராமிக் கோட்டிங் போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

புது கார் எடுக்கறவங்க எல்லாரும் கேக்கற கேள்வி செராமிக் கோட்டிங், அதாவது பெயிண்டைப் பாதுகாக்க அது மேல திரவமா தடவி இறுக விடற ஒரு மெல்லிய லேயர், போடலாமா வேணாமான்னு. தாராளமா போடலாம், நானும் போட்டிருக்கேன், ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா எந்த பிராண்ட், எத்தனை லேயர்னு மண்டையை உடைச்சிக்கிறதை விட, போடறதுக்கு முன்னாடி பெயிண்ட்ல என்ன வேலை பாக்கறாங்கன்னு கேளுங்க, விஷயமே அங்கதான் இருக்கு.

ஏன்னா கோட்டிங் ரொம்ப ரொம்ப மெல்லிசு, பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). கார் கலர் பெயிண்டுக்கு மேல இருக்கற நிறமில்லாத கிளியர் கோட்டே சுமார் 40, 50 மைக்ரான் இருக்கும். அதனால கோட்டிங் எந்தக் கீறலையும் மூடாது, அடியில என்ன இருக்கோ அதை அப்படியே பூட்டி வச்சிடும். புது கார்தானே கீறல் எங்க இருக்கும்னு நினைக்காதீங்க, ஃபேக்டரியிலருந்து ட்ரக்லயோ ரயில்லயோ வந்து, யார்டுல வெயில்ல நின்னு, டெலிவரிக்கு முன்னாடி அவசர அவசரமா ஒரு அழுக்குத் துணியால துடைச்சிருப்பாங்க, ஒரு டார்ச் அடிச்சுப் பாத்தா வட்ட வட்டமா மெல்லிசு கீறல், அதாவது ஸ்வர்ல் மார்க் தெரியும். முடிஞ்சா காரை வாஷ் பண்ணாம அப்படியே குடுங்கன்னு ஷோரூம்ல முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.

நல்லா வேலை தெரிஞ்சவங்க முதல்ல வாஷ் பண்ணிட்டு அயர்ன் ரிமூவர் அடிப்பாங்க, பெயிண்ட்ல ஒட்டியிருக்கற இரும்புத் துகள் எல்லாம் ஊதா கலர்ல கரைஞ்சு வழியும், பாக்கவே ஒரு மாதிரி இருக்கும். அப்புறம் க்ளே பார், அதாவது ஒட்டியிருக்கற மிச்ச அழுக்கை இழுத்து எடுக்கற களிமண் மாதிரி கட்டி, அப்புறம் தேவையான அளவுக்கு மட்டும் பாலிஷ், கடைசியா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் மாதிரி ஏதாவது வச்சு எண்ணெய்ப் பசை இல்லாம துடைச்சிட்டுதான் கோட்டிங். நாம ஆஹான்னு பாக்கற அந்தப் பளபளப்புல பெரும்பங்கு பாலிஷோடது. கோட்டிங்கைச் சின்னச் சின்ன இடமா தடவி, சரியான நேரத்துல துடைச்சு எடுக்கணும், விட்டுட்டா அங்கங்க திட்டு திட்டா இறுகிடும், திரும்பப் பாலிஷ் போட்டுதான் எடுக்க முடியும்.

9ஹெச் ஹார்ட்னஸ்னு சொல்றாங்களே, அது பென்சில் டெஸ்ட், அதாவது 9ஹெச் பென்சிலை அழுத்தி இழுத்தா கீறல் விழலைன்னு அர்த்தம். கல்லு பட்டா தாங்கும்னு அர்த்தம் கிடையாது. கல்லடிக்கு பயந்தா பிபிஎஃப்தான் (பெயிண்ட் ப்ரொடெக்‌ஷன் ஃபிலிம்), அது 150லருந்து 200 மைக்ரான் தடிமன் இருக்கற பாலியூரித்தேன் ஃபிலிம், பானெட்டுக்கும் முன் பம்பருக்கும் மட்டும் ஒட்டிட்டு மத்த இடத்துல கோட்டிங் போட்டா எனக்கு அது நல்ல முடிவாத் தெரியுது.

இன்னொண்ணு, பெயிண்ட் ஆறட்டும்னு புது காருக்கு மாசக்கணக்குல காத்திருக்க வேணாம், ஃபேக்டரியிலயே சூடு பண்ணி இறுக வச்சிடறாங்க. ஒர்க்‌ஷாப்ல திரும்ப பெயிண்ட் அடிச்ச பேனலுக்குத்தான் சில வாரம் டைம் குடுக்கணும், உள்ள இருக்கற சால்வென்ட் வெளிய போகணும்.

போட்ட பிறகு முதல் நாள் தண்ணியே படக்கூடாது, ஒரு வாரத்துக்கு ஷாம்பூ வேணாம். அப்புறம் பிஹெச் நியூட்ரல் ஷாம்பூ (அமிலமும் இல்லாம காரமும் இல்லாம இருக்கறது), ரெண்டு பக்கெட் (ஒண்ணு ஷாம்பூ தண்ணிக்கு, ஒண்ணு அழுக்கை அலச), சுத்தமான மைக்ரோஃபைபர் துணி, அவ்ளோதான். தண்ணி முத்து முத்தா நிக்கறது அழகுதான், ஆனா வெயில்ல அப்படியே காய விட்டா அதுல இருக்கற கால்சியம், மக்னீசியம் எல்லாம் வட்டக் கறையா படிஞ்சிடும், அதனால கழுவினதும் துடைச்சிடுங்க. பறவை எச்சமும் அப்படித்தான், கோட்டிங் நமக்குக் கொஞ்சம் நேரம் வாங்கிக் குடுக்கும், அவ்வளவுதான்.

கொஞ்ச மாசத்துல தண்ணி முன்ன மாதிரி ஓடலைன்னா கோட்டிங் போயிடுச்சுன்னு உடனே முடிவு பண்ணாதீங்க. நிறைய நேரம் மேல அழுக்கு அடைச்சிருக்கும், நல்லா ஒரு வாஷ், ஒரு தடவை அயர்ன் ரிமூவர் போட்டுப் பாத்துட்டு அப்புறம் கோட்டிங் போட்ட கடைக்குப் போங்க.