ராஜா வரல, வாள் மட்டும் கிளம்புது

பத்மநாபபுரம் அரண்மனைல வருஷா வருஷம் நவராத்திரிக்கு முன்னாடி திருவிதாங்கூர் ராஜாவோட உடைவாள் கைமாத்துவாங்க, இந்த தடவ பாத்தே ஆகணும்னு முந்தின நாளே மார்த்தாண்டம் ஃப்ரெண்ட் வீட்ல போய் தங்கிட்டு காலைல அவன் மாமாவையும் கூட்டிட்டு தக்கலைல இறங்கி ஆட்டோ புடிச்சோம்.

அரண்மனை இருக்கறது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல, பாத்துக்கறது கேரளா தொல்லியல் துறை. செருப்ப வெளிய விட்டுட்டு கால வச்சா தரை ஜில்லுன்னு இருக்கு, கறுப்பா முகம் தெரியுற வழவழப்பு, சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேத்து போட்டதாம்.

உப்பரிகை மாளிகைல இருந்து வாளை கொண்டுவர்றப்ப ஒரே தள்ளுமுள்ளு. உண்மைய சொல்லணும்னா முன்னாடி நின்னவர் தூக்கிப் புடிச்ச செல்போன் ஸ்க்ரீன்லதான் நான் அதை பாத்தேன் :)

நம்ம ஊர்ல ராஜா கைல இருந்த எதுவுமே சும்மா அழகுக்கு இல்ல. கோல் நேரா நின்னா செங்கோல், வளைஞ்சா கொடுங்கோல், ஆட்சிய திட்டறதுக்கே அந்த குச்சிதான் வார்த்தை. வெண்கொற்றக்குடைன்னா என் நிழல்ல நீ இருக்கன்னு அர்த்தம். முரசை எதிரி தூக்கிட்டு போயிட்டா மானமே போச்சு. வாள்னா, நான் வெட்டுவேன், அவ்ளோதான்.

ஆனா இங்க கதையே வேற. 1741ல குளச்சல்ல டச்சுக்காரன ஓட விட்ட திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா, 1750 ஜனவரி 3ம் தேதி திருவனந்தபுரம் கோயிலுக்கு போய் நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதி குடுத்து, வாளையும் சன்னிதில வச்சிட்டு, இனி நான் பத்மநாபதாசன்னு சொல்லி அதே வாளை திரும்ப எடுத்துக்கிட்டார். திருப்படிதானம்னு சொல்றாங்க. அப்புறம் வந்த ராஜாக்களும் சாமி வேலைக்காரங்கதான், அதாவது வாள் இரவல் பொருள்.

மாமா கேட்டுட்டு சிரிச்சார். "பக்தி பாதி, புத்தி பாதி டே. சாமி நாட்டுக்கு எதிரா எவன்லே கலகம் பண்ணுவான்?"

தன்னை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமார்ங்கற பிரபுக்கள் கூட மார்த்தாண்ட வர்மா பட்ட பாட்ட நெனச்சா மாமா சொல்றது சரின்னுதான் எனக்கும் படுது. ஆனா புத்தியா இருந்தாலும், ஜெயிச்சவன் வாளை கீழ வைக்கறது லேசு இல்லல்ல?

1795ல தலைநகரம் திருவனந்தபுரம் போயிடுச்சு. சாமிங்க மட்டும் நவராத்திரிக்கு இங்க இருந்து இன்னும் போறாங்க, சரஸ்வதி யானை மேல, குமாரகோவில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்குல, முன்னாடி வாள். ரெண்டு ஸ்டேட் போலீசும் அணிவகுத்து நின்னு மரியாதை குடுக்குறாங்க.

முதல் நாள் ராத்திரி குழித்துறைல தங்கல், நாங்க போற ரோடும் அதான். பஸ் ஊர்ந்துச்சு, பின்சீட்ல ஒருத்தர் ஹாரன் அடிக்க சொல்லி கத்தினாரு. கண்டக்டர் திரும்பி கூட பாக்கல. "ராஜா வாளு போகுது, ஹாரன் அடிச்சா ஒதுங்குமா பாட்டா?"

மாமா ஜன்னல் வழியா கைய நீட்டி ஏத்தம்பழ பஜ்ஜி நாலு வாங்கினார்.