ஜமீனை விழுங்கிய கிடங்குக்காரர்

துபாய் தேராவிலுள்ள எங்கள் ஈரானிய முதலாளியிடம் என் மைத்துனர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, பாரசீகம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை வரை வந்துவிட்டது. தமிழைப் போலவே வினைச்சொல் கடைசியில் வருகிறது, ‘அவன்’, ‘அவள்’ என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் ஒரே ‘ஊ’தான், வேலை செய்ய ‘கார் கர்தன்’, கையெழுத்துப் போட ‘எம்ஸா கர்தன்’ என எதன் பின்னாலும் ஒரு ‘கர்தன்’ சேர்த்தால் நம் ‘பண்ணு’வைப் போலக் காரியம் முடிந்துவிடும், இதற்கு இலக்கணப் புத்தகம் எதற்கு என்று அவர் ஆரம்பத்திலேயே அறிவித்துவிட்டார்.

தொலைபேசியில் அழைப்பதற்கு ‘ஸங் ஸதன்’, அதாவது மணி அடித்தல்; தந்தி அடித்த பரம்பரைக்கு இதிலும் சிரமமில்லை. வம்பெல்லாம் ‘கொர்தன்’ என்ற சாப்பிடும் வினையில்தான். ஜலதோஷம் பிடித்தவர் ‘சர்மா கொர்தம்’, குளிரைச் சாப்பிட்டேன் என்பார். அந்தச் சர்மா எந்தப் பிரிவில் இருக்கிறார் என்று அலுவலகம் முழுக்க விசாரித்தவர் நம் ஆள்.

இன்று காலை கணக்குப் பிரிவு அம்மையார் தொலைபேசியில் ‘அன்பார்தார் ஜமீன் கொர்த்’ என்று பதறினார். கிடங்குப் பொறுப்பாளர் கீழே விழுந்துவிட்டார் என்பது அதன் பொருள். மைத்துனரோ சொல் சொல்லாகப் பிரித்து, கிடங்குக்காரர் நிலத்தை விழுங்கிவிட்டார் என்று முடிவுகட்டி, அதை நம்மவர்களிடமும் மலையாளிகளிடமும் பரப்பிவிட்டார். மதிய உணவுக்குள் அந்த நிலம் ஷார்ஜாவில் ஒரு மனையாகி, அதன்மேல் மூன்று மாடிக் கட்டடமும் எழும்பி, அதற்கு வாடகைக்கு ஆளும் வந்துவிட்டது.

மாலையில் காலில் கட்டுடன் நொண்டிக்கொண்டு வந்த அந்த மனிதர், ஒருவர்கூட நலம் விசாரிக்காமல் எல்லோரும் சதுர அடி விலையை ஏன் கேட்கிறார்கள் என்று தெரியாமல் விழித்தார். மைத்துனர் அசரவில்லை. தோற்றவனை நாம் மண்ணைக் கவ்வினான் என்பதில்லையா என்று என்னை மடக்கியவர், அதே அம்மையாரிடம் போய், நில அபகரிப்புக்குப் பாரசீகத்தில் ‘ஜமீன்காரி’, அதாவது நிலத்தைத் தின்னுதல் என்றுதான் பெயர் என்பதையும் கேட்டு வந்து என் முகத்துக்கு நேரே வைத்தார். தம்பி சொன்னது பாதியாவது சரிதானே என்று என் மனைவி அவருக்கு இன்னொரு தோசை வைத்தார்; அது கூடப் பரவாயில்லை, அப்படியானால் அந்த மனை இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று என்னைக் கேட்கிறார்.