ஊக்கம் இல்லை, ஷாக்

ஓர் ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது ‘கால்வனைஸ்’ (galvanize) என்ற வினைச்சொல் வந்தது. ஒரு தோல்வி ஓர் அணியைக் கால்வனைஸ் செய்ததாம். யோசிக்காமல் ‘தோல்வி அணியை ஊக்கப்படுத்தியது’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். மறுநாள் படித்தால் எனக்கே சிரிப்பு வந்தது. தோல்வி எங்கேயாவது தோளில் தட்டிக்கொடுக்குமா?

சொல்லுக்குப் பின்னால் இருப்பவர் லூயிஜி கால்வானி, இத்தாலியின் போலோன்யா நகரில் உடற்கூறியல் பேராசிரியர். அறுத்து வைத்த தவளையின் காலில் இரண்டு வெவ்வேறு உலோகங்கள் பட்டதும் செத்த கால் வெடுக்கென்று உதறியதைப் பார்த்துவிட்டு, தசைக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்று 1791-ல் எழுதினார். இல்லை, அது உலோகங்களிலிருந்து வருகிறது என்று இன்னோர் இத்தாலிய விஞ்ஞானி வோல்டா மல்லுக்கு நின்றார், அந்தச் சண்டையில்தான் 1800-ல் பேட்டரியே பிறந்தது. கால்வானியின் சகோதரி மகன் ஆல்டினி இன்னும் ஒரு படி மேலே போய், 1803-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் மின்சாரம் பாய்ச்ச, தாடை நடுங்கி ஒரு கண் திறந்துகொண்டதாம். நினைத்தாலே ஒரு மாதிரி இருக்கிறது.

ஆகவே இந்தச் சொல் வர வேண்டுமென்றால் யாரோ சும்மா கிடக்க வேண்டும், ஏதோ ஒன்று சுளீரென்று தாக்க வேண்டும், அவர்கள் துள்ளி எழ வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவரைக் கால்வனைஸ் செய்ய முடியாது. தினமும் காலையில் நாலு நல்ல வார்த்தை சொல்லும் மேலதிகாரி செய்வது வெறும் மோட்டிவேட். இன்ஸ்பையர் என்பதோ மூலத்தில் மூச்சை உள்ளே ஊதுவது, ரொம்ப மென்மை. கால்வனைஸுக்குப் பெரும்பாலும் எழுவாயாக வருவது ஒரு சம்பவம்தான்: மரணம், அநியாயம், திடீர்ச் செய்தி.

அப்புறம், ஜிஐ (கால்வனைஸ்டு அயர்ன்) பைப்பில் இருக்கும் ‘ஜி’யும் இதே சொல்தான். அங்கே ஷாக் எதுவும் இல்லை, இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பார்கள், துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். மறுபடியும் இரண்டு உலோகம்!

சரி, தமிழில் என்ன போடுவது? ‘உசுப்பேத்தியது’ நெருங்கி வருகிறது, ஆனால் அதில் ஒரு விஷமம் இருக்கிறது, மாட்டிவிடப் பார்க்கிற தொனி. ‘முடுக்கிவிட்டது’ நல்ல சொல்தான், மனிதர்களை விட வேலைக்குத்தான் அதிகம் பொருந்துகிறது. கடைசியில் ‘அந்தத் தோல்வி அணியை உலுக்கி எழுப்பியது’ என்று மாற்றினேன். மின்சாரம் கொஞ்சம் குறைவுதான், அப்படியே விட்டுவிட்டேன்.