ஆவண மென்பொருள் தேர்வு: என் நாட்குறிப்பிலிருந்து

மார்ச் 3, 2025

அலுவலகத்துக்கு ஆவண மேலாண்மை மென்பொருள் ஒன்றைப் பரிந்துரைக்கும் பொறுப்பு எங்கள் குழுவுக்கு வந்திருக்கிறது. இன்றைய நிலைமை இதுதான்: ஒப்பந்தம் பொது டிரைவில், அதன் திருத்தம் யாரோ ஒருவருடைய மின்னஞ்சலில், கையெழுத்துப் போட்ட தாள் அலமாரியில். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பதே தெரியும்.

மார்ச் 5

இந்தத் துறையின் பழைய கதையைப் படித்தேன். ஃபைல்நெட் என்ற ஆவண மென்பொருள் நிறுவனம் 1982-இல் தொடங்கியது, 2006-இல் ஐபிஎம் வாங்கியது. 1990-இல் தொடங்கிய டாக்குமென்டம் 2003-இல் இஎம்சியிடம் போய், 2017-இல் ஓப்பன்டெக்ஸ்ட்டிடம் வந்து சேர்ந்தது. 2005-இல் வந்த ஆல்ஃப்ரெஸ்கோவை 2020-இல் ஹைலாண்ட் எடுத்துக்கொண்டது.

எங்கள் ஒப்பந்தங்களில் சில, பல பத்தாண்டுகளுக்குச் செல்லும். அவை முடிவதற்குள் மென்பொருள் எத்தனை கை மாறுமோ! அதனால் எல்லா நிறுவனங்களிடமும் என் முதல் கேள்வி, போட்டதையெல்லாம் திரும்ப எப்படி எடுப்பது என்பதாகத்தான் இருக்கும்.

மார்ச் 11

டெமோக்கள். எல்லாரும் காட்டிய இன்வாய்ஸ் நேராக, பளிச்சென்று இருந்தது. அதை எந்த மென்பொருளும் படித்துவிடும். எங்கள் கோப்புகளிலேயே மோசமானவற்றைப் பொறுக்கி ஒரு கட்டாகக் கொடுத்துவிட்டேன்: மங்கிப்போன ரசீது, கோணலாக ஸ்கேன் ஆன தாள், முத்திரை விழுந்து எழுத்து மறைந்த பக்கம், கடவுச்சொல் போட்ட பிடிஎஃப், மின்னஞ்சலுக்குள் மின்னஞ்சலாக இணைத்து வந்த கடிதம். எல்லாருக்கும் ஒரே கட்டு.

கடவுச்சொல் போட்ட பிடிஎஃப்பை ஒரு மென்பொருள் ஒன்றுமே சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. அதற்குள் இருப்பது தேடலில் வரவே வராது, வராது என்று எச்சரிக்கையும் இல்லை. இன்னொன்று அதைத் தனி வரிசையில் நிறுத்தி, "உள்ளடக்கத்தைப் படிக்க முடியவில்லை" என்று காட்டியது. எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

மார்ச் 14

இன்று முழுக்கத் தமிழ்த் தேடல். நான் மிகவும் கவலைப்பட்ட இடம் இது.

'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் 'கொள்முதல்' என்று தேடினால் சில கோப்புகள் வரும், சில வராது. அட்டவணைப்படுத்தும்போதும் தேடும்போதும் இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும் நார்மலைசேஷன் நடந்தால் இந்தச் சிக்கல் தீரும். சோதித்தவற்றில் ஒன்று அதைத் தானாகவே செய்தது.

அடுத்தது வேற்றுமை உருபு. 'ஒப்பந்தம்' என்று தேடுகிறவருக்கு 'ஒப்பந்தத்தின்' என்று இருக்கும் கடிதமும் வர வேண்டும். 'ஒப்பந்த' வரைக்கும் அடித்து மீதியை விட்டுத் தேட முடிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளுக்கு எந்தத் தேடலும் உதவாது, அடியில் கிடப்பவை ஆங்கில எழுத்துக் குறிகள். ஏற்றுவதற்கு முன்பே அவற்றை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். திட்ட அட்டவணையில் இதற்கென்று தனியாக நாட்கள் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 19

கணக்குப் பிரிவில் தினமும் பில் பதிகிற அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு பில்லுக்கும் ஏகப்பட்ட கட்டாயப் புலங்கள், அதாவது நிரப்பியே ஆக வேண்டிய கட்டங்கள். கொஞ்ச நேரத்தில் 'ஆவண வகை' என்ற இடத்தில் பட்டியலின் முதல் வரியையே தேர்ந்தெடுக்க ஆரம்பித்துவிட்டார். "சார், இது எதுக்குன்னு யாரும் சொல்லலையே?" என்றார். நியாயமான கேள்வி. விற்பனையாளர், தேதி, தொகை, ஆர்டர் எண் போதும். ஆர்டர் எண்ணைக் கொடுத்தால் மீதியைக் கணக்கு மென்பொருளிலிருந்து தானே இழுத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 25

அனுமதிகள். சம்பளக் கோப்பைத் திறக்க உரிமை இல்லாத கணக்கில் நுழைந்து தேடிப் பார்த்தோம். ஒரு மென்பொருளில் கோப்பு திறக்கவில்லை, ஆனால் தேடல் முடிவில் தலைப்பும் இரண்டு வரியும் அப்படியே தெரிந்தன. அந்த இரண்டு வரியில்தான் தொகை இருந்தது. இதைச் சரிசெய்யாமல் அதை எடுத்துக்கொள்ளவே கூடாது என்று குழுவில் உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

வழக்கு நடக்கும்போது, வைத்திருக்க வேண்டிய காலக்கெடு முடிந்த ஆவணமும் அழியாமல் நிறுத்திவைக்கும் வசதி எல்லாவற்றிலும் இருக்கிறது, சரியாக வேலையும் செய்கிறது.

ஏப்ரல் 2

வெளியே எடுக்கும் சோதனை. திருத்தங்கள் பல கொண்ட ஒப்பந்தங்களை ஏற்றி, சில நாள் வைத்திருந்து, முழுவதையும் திரும்பக் கேட்டோம்.

ஒன்று கடைசி வெர்ஷனை மட்டும், தன் உள் எண்ணையே கோப்புப் பெயராக வைத்துக் கொடுத்தது. எது யாருடைய ஒப்பந்தம் என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். இன்னொன்று எல்லா வெர்ஷனையும் தந்தது, யார் எப்போது ஒப்புதல் கொடுத்தார் என்ற பதிவு மட்டும் இல்லை. தமிழ்த் தேடலில் நன்றாகச் செய்த அதே மென்பொருள், கோப்புகள், வெர்ஷன்கள், புலங்கள், தணிக்கைப் பதிவு எல்லாவற்றையும் எக்ஸ்எம்எல்லோடு (வேறு மென்பொருளும் படிக்கக்கூடிய உரை வடிவம்) சேர்த்துக் கொடுத்தது. ஏற்றும் முன் எடுத்து வைத்த ஷா-256 மதிப்புகளோடு (கோப்பின் கைரேகை மாதிரி, உள்ளே எது மாறினாலும் இதுவும் மாறிவிடும்) ஒப்பிட்டோம், எல்லாம் பொருந்தின. உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

நீண்ட நாள் வைக்க வேண்டியவற்றை பிடிஎஃப்/ஏ வடிவில் சேமிக்கப் போகிறோம். 2005-இல் ஐஎஸ்ஓ 19005 என்று வந்த தரம் அது. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே வைக்கச் சொல்லும், கடவுச்சொல் போட விடாது.

ஏப்ரல் 8

பரிந்துரையைக் கொடுத்தாயிற்று. வெளியே எடுக்கும் சோதனையில் எல்லாவற்றையும் திருப்பித் தந்த அந்த மூன்றாவது மென்பொருள்தான். ஒப்பந்த வரைவில் ஒரு பிரிவைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: ஆண்டுக்கொரு முறை இதே போல முழு ஏற்றுமதி எடுத்துச் சரிபார்க்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் கூடாது. சட்டப் பிரிவு நாளை படித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறது.