கையில் ஒன்பது ஓட்டு: மொன்செராட் தீவில் ஒரு தேர்தல் வாரம்

கரீபியத் தீவான மொன்செராட்டுக்குப் போக, பக்கத்துத் தீவான ஆன்டிகுவாவின் விமான நிலையத்தில் என் பெட்டியோடு சேர்த்து என்னையும் தராசில் ஏற்றி நிறுத்தினார்கள். பத்துப் பேர் கூட ஏற முடியாத விமானம் அது. ஆளின் எடையைப் பார்த்துத்தான் யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்வார்கள். எனக்கு விமானியின் பக்கத்து இருக்கை கிடைத்தது. எனக்குப் பின்னால் ஒரு பெண்மணி மடியில் அட்டைப்பெட்டியை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். பெட்டியின் வாய் சரியாக ஒட்டவில்லை; உள்ளே மடித்து அடுக்கிய கட்சிச் சட்டைகள் தெரிந்தன. 2024 அக்டோபர் 24, வியாழக்கிழமை வாக்குப்பதிவு. நான் போய் இறங்கியது அதற்கு முந்தைய ஞாயிறு.

இருபது நிமிடப் பறப்பு. முதலில் கண்ணில் பட்டது பச்சை. அப்படி ஒரு பச்சையைக் கரீபியக் கடலில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. விமானம் லேசாகச் சாய்ந்தபோது தெற்கே அந்தப் பச்சை சட்டென்று அறுந்து, மலையுச்சியிலிருந்து கடல் வரை சாம்பல் நிறமாக இறங்கிக் கிடந்தது. விமானி கையை நீட்டிக் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. 600 மீட்டருக்கும் குறைவான ஓடுபாதையில் இறங்கினோம். அதற்கு அடியில் சுரங்கப்பாதை குடைந்து சாலை போகிறது. பாஸ்போர்ட்டில் அயர்லாந்தின் சின்னமான மூவிலைச் செடி வடிவில் பச்சை முத்திரை குத்தினார்கள்.

அந்த முத்திரைக்கு ஒரு கதை உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் இங்கே வந்து குடியேறிய வெள்ளையரில் பெரும்பாலோர் ஐரிஷ்காரர்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1768 மார்ச் 17 அன்று, எசமானர்கள் புனித பேட்ரிக் திருநாள் கொண்டாட்டத்தில் இருக்கும்போது எழுந்து அடிப்பது என்று அடிமைகள் திட்டமிட்டார்கள். திட்டம் வெளியே கசிந்துவிட்டது; தூக்கிலிட்டார்கள். இன்று தீவு மார்ச் 17ஐ அரசு விடுமுறையாகக் கொண்டாடுவது அந்தக் கிளர்ச்சியின் நினைவுக்கும் சேர்த்துத்தான். ஃபாரல், மீட், ரைலி, ஸ்வீனி என்று இங்கே கேட்கும் குடும்பப்பெயர்கள் எல்லாம் ஐரிஷ். அவற்றைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள். தேர்தல் சுவரொட்டிகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த வரலாறு என் கண்முன் நின்றது.

லுக்அவுட் என்ற ஊரில் ஒரு வீட்டின் பின்னறையில் தங்கினேன். எரிமலையால் வீடிழந்தவர்களுக்காக வடக்கே கட்டிய குடியிருப்பு அது. வீட்டுக்காரப் பெண்மணிக்கு எழுபதைத் தாண்டிய வயது. ஊரே அவரை 'மிஸ்' என்று சொல்லிப் பெயரைச் சேர்த்து அழைத்தது. வயதான பெண்களை அங்கே மரியாதையாக அப்படித்தான் அழைக்கிறார்கள். நான் வெறுமனே 'மிஸ்' என்றே கூப்பிட்டேன். அவர் என்னைப் 'பிள்ளை' என்றார். முதல் நாளே ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்: இந்தத் தீவில் கடைக்குள் நுழைந்தாலும் பஸ்ஸில் ஏறினாலும் முதலில் 'குட் மார்னிங்' சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விலை கேட்டால் பதில் வராது. வேட்பாளர்களுக்கும் இதுதான் விதி. "வணக்கம் சொல்லாமல் போகிறவனுக்கு என் ஓட்டு கிடையாது. எனக்கு ஒன்பது ஓட்டு இருந்தும் கிடையாது" என்றார்.

ஒன்பது ஓட்டா என்று திரும்பக் கேட்டேன். ஆம், ஒன்பது. சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்கள் ஒன்பது பேர். தீவு முழுவதும் ஒரே தொகுதி. நம் ஊரில் ஆளுக்கு ஒரு ஓட்டு. இங்கே ஒவ்வொரு வாக்காளரும் ஒரே சீட்டில் ஒன்பது பேர் வரை குறியிடலாம். அதிக வாக்கு வாங்கும் முதல் ஒன்பது பேர் உறுப்பினர்கள். ஒரே கட்சிக்கு ஒன்பதையும் போடலாம். மூன்று கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். ஐந்தோடு நிறுத்திக்கொள்ளவும் செய்யலாம்.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஏன் மாறியது என்பதை அறிய எரிமலைக்குத்தான் போக வேண்டும்.

1995 ஜூலை 18 அன்று சூஃப்ரியர் மலை வெடிக்கத் தொடங்கியது. அதற்கு முன் தீவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். 1996 ஏப்ரலில் தலைநகர் பிளிமத்தை விட்டு மக்கள் கடைசி முறையாக வெளியேறினார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 25 அன்று கொதிக்கும் சாம்பலும் பாறைத்துண்டுகளும் சூடான வாயுவும் கலந்த பெருக்கு வடக்குச் சரிவில் இறங்கி 19 உயிர்களைக் குடித்தது. அவர்களில் பலர், தடை செய்த பகுதி என்று தெரிந்தும் பயிரைப் பார்க்கப் போன விவசாயிகள். அந்த ஆகஸ்டில் பிளிமத் புதைந்தது. தீவில் மூன்றில் இரண்டு பங்குக்குள் யாரும் நுழையக் கூடாது என்று தடை வந்தது. ஆயிரக்கணக்கானோர் பிரிட்டனுக்கும் பக்கத்துத் தீவுகளுக்கும் போனார்கள். இன்று மொத்த மக்கள் தொகை ஐந்தாயிரத்தைத் தொடாது.

நடுவில் 1996 நவம்பரில் ஒரு பொதுத்தேர்தல் வந்தது. அப்போது ஏழு தொகுதிகள். மிஸ் பிறந்து வளர்ந்தது பிளிமத்துக்குத் தெற்கே கின்சேல் என்ற ஊரில். அவர் வடக்கே முகாமில் படுத்திருந்துகொண்டு, தான் கால் வைக்க முடியாத தொகுதிக்கு வாக்களித்தார். "பள்ளிக்கூடத் தரையில் முப்பது பேர் படுத்திருந்தோம். காலையில் எழுந்து முகத்தில் இருந்த சாம்பலைக் கழுவிவிட்டு ஓட்டுப் போடப் போனேன். யாருக்குப் போட்டேன் என்பது மறந்துவிட்டது. போனது மறக்கவில்லை" என்றார். 2001 தேர்தலில் தெற்கே தொகுதி என்று சொல்ல மக்களே இல்லை. கோடுகளை அழித்துவிட்டுத் தீவையே ஒரே தொகுதியாக்கினார்கள். இந்த ஒன்பது ஓட்டு அப்படி வந்தது.

எனக்கு இதில் மனம் நிறைந்தது. ஊர் போன பிறகு எந்த ஊர்க்காரர் என்று பிரித்து நிற்காமல், மிச்சம் இருக்கிற எல்லோருக்கும் எல்லோரும் பொறுப்பு என்று இந்த மக்கள் ஆகியிருக்கிறார்கள். சட்டம் எழுதியவர்கள் அப்படி நினைத்து எழுதினார்களா என்பது வேறு. மிஸ் அப்படித்தான் வாக்களிக்கிறார்.

செவ்வாய் மாலை சேலம் ஊரில் ஒரு பிரசாரக் கூட்டத்துக்குப் போனேன். (ஆம், சேலம் என்றே ஓர் ஊர் இருக்கிறது, நம் சேலத்தோடு உறவில்லை.) லாரி மேடை, ஒலிபெருக்கி, பாட்டு, ஆட்டம். மேடைக்குப் பின்னால் விறகடுப்பில் பெரிய பானை. அதில் கொதித்தது 'கோட் வாட்டர்'. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். ஆட்டுக்கறியை எலும்போடு போட்டு, கிராம்பும் மூலிகைகளும் சேர்த்து, மணிக்கணக்காக வேகவைக்கும் குழம்பு. காகிதக் கிண்ணத்தில் ஊற்றி ஒரு பன்னோடு தருகிறார்கள். கிராம்பு வாசம் முதலில் மூக்கில் ஏறுகிறது, பிறகு புகை, எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று விழுகிறது. மாற்றுக் கட்சிக்காரர்களும் வந்து சாப்பிட்டார்கள். மேடையில் பேசியவர் கூட்டத்தில் நின்ற ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உன் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி?" என்று கேட்டுவிட்டு மருத்துவமனைப் பிரச்சினைக்குப் போனார். சில ஆயிரம் வாக்காளர்கள் மட்டும் இருக்கும் இடத்தில் யாரும் யாருக்கும் முகம் தெரியாதவர் இல்லை.

பேசியவை மூன்றே விஷயங்கள்தாம், திரும்பத் திரும்ப: புதிய மருத்துவமனை, லிட்டில் பே துறைமுகம், தீவுக்கு வந்துபோகும் வழி. கடல் சீற்றமாக இருந்தால் சரக்கு இறங்காது. மேகம் இறங்கினால் விமானம் வராது. நோயாளியை ஆன்டிகுவாவுக்குக் கொண்டுபோக வேண்டிய இரவில் இது என்ன ஆகும் என்று கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மருத்துவமனை பற்றிய பேச்சில் மட்டும் யாரும் கைதட்டவில்லை. உற்றுக் கேட்டார்கள்.

இந்தத் தேர்தலுக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மொன்செராட் பிரிட்டனின் ஆட்சிப்பகுதி. ஐ.நா.வின் தன்னாட்சி பெறாத 17 பகுதிகளின் பட்டியலில் இன்றும் இருக்கிறது. பாதுகாப்பு, வெளியுறவு, காவல் துறை ஆகியவை லண்டன் அனுப்பும் ஆளுநரிடம். அரசின் செலவில் பாதிக்கு மேல் பிரிட்டன் தரும் பணம். 1997இல் மக்கள் நிவாரணம் கேட்டு நின்றபோது, பிரிட்டனின் அமைச்சர் கிளேர் ஷார்ட் "அடுத்துத் தங்க யானைகள் கேட்பார்கள்" என்று சொன்னார். இருபத்தேழு ஆண்டு கழிந்தும் அந்தச் சொல் இங்கே ஆறவில்லை. டாக்சி ஓட்டுநர் சொன்னார், மிஸ் சொன்னார், ரொட்டிக்கடையில் வரிசையில் நின்றவர் சொன்னார். வீடு புதைந்தவர்களிடம் சொல்லக் கூடிய சொல்லா அது? எனக்குக் கேட்கும்போதே கோபம் வந்தது.

புதன்கிழமை பிளிமத் போனேன். அனுமதி பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே நுழையலாம். வாயிலில் பெயரை எழுதிக்கொள்கிறார்கள். வழிகாட்டியின் கையில் வானொலிக் கருவி. மலையில் அசைவு தெரிந்தால் உடனே திரும்ப வேண்டும். இப்போதும் சட்டப்படி தலைநகரம் இதுதான். அலுவலகங்கள் வடக்கே உள்ள பிரேட்ஸ் என்ற ஊரில் இயங்குகின்றன. மூன்று மாடிக் கட்டடங்களின் மேல்மாடி மட்டும் தரைமட்டத்தில் நிற்கிறது. நான் நடந்தது தெரு என்று நினைத்தேன். அது கூரைகளுக்கு மேலே உள்ள மண் என்றார் வழிகாட்டி. கைவிட்ட ஓட்டல் ஒன்றின் உள்ளே போனோம். வரவேற்பு மேசை மேல் பேரேடுகள் திறந்தபடி கிடந்தன; ஒரு கணக்குப் பொறியின் பொத்தான்கள் சாம்பலில் ஒட்டி உறைந்திருந்தன. விரலால் துடைத்தேன். அடியில் எண் 9 தெரிந்தது. கந்தக வாடை தொண்டையில் நின்றது.

வெளியே லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. நகரைப் புதைத்த மணலையும் சரளையையும் அள்ளி, பழைய துறைமுகத்தில் கப்பலேற்றிப் பக்கத்துத் தீவுகளின் கட்டடங்களுக்கு விற்கிறார்கள்.

மிஸ் என்னோடு வரவில்லை. இத்தனை ஆண்டுகளில் ஒரு முறையும் அவர் அங்கே திரும்பிப் போகவில்லையாம். மாலையில் ஒன்றே ஒன்று கேட்டார்: "மணல் லாரி ஓடுகிறதா?" ஓடுகிறது என்றேன். "ஒரு நாள் கின்சேல் வரைக்கும் வெட்டிக்கொண்டு போவார்கள். என் வாசற்படி வெளியே வரும்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனார்.

வியாழன் காலை அவர் மாதாகோவிலுக்குப் போகும் உடையில், தொப்பி வைத்துக்கொண்டு கிளம்பினார். பைபிளுக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக் கண்ணாடி இல்லாமல் ஒரு முறை வாசித்தார். ஒன்பது பெயர்கள், பென்சிலில். ஒரு பெயரை அடித்து வேறு பெயர் எழுதியிருந்தார். எனக்குக் காட்டவில்லை. வாக்குச்சாவடி வாசல் வரை கூடப் போனேன். வரிசையில் நின்றவர்கள் அவரை முன்னால் போகச் சொன்னார்கள். மறுத்துவிட்டுத் தன் இடத்திலேயே நின்றார். பதினைந்து நிமிடம் கழித்து வெளியே வந்து, "ஒன்பது குறி போட நேரம் ஆகும் பிள்ளை. அவசரப்பட்டுப் போடக் கூடாது" என்றார். திரும்பும் வழியில் டாக்சி ஓட்டுநர், 1970 தேர்தலில் ஆஸ்டின் பிராம்பிள் தன் சொந்தத் தந்தையையே, அதுவும் தீவின் முதல் முதலமைச்சரையே, பதவியிலிருந்து இறக்கிய கதையைச் சொன்னார். மிஸ்ஸுக்கு அந்தக் கதை மனப்பாடம். ஓட்டுநர் விட்ட இடங்களை அவர் நிரப்பினார்.

இரவு முழுவதும் வானொலி. இசட்.ஜே.பி. என்ற தீவின் ஒரே அரசு வானொலியை எல்லா வீட்டிலும் ஒரே சத்தத்தில் வைத்திருந்தார்கள். தெருவில் நடந்தால் ஓர் எண்ணிக்கையும் விட்டுப்போகாது. மிஸ் ஒரு நோட்டில் கோடு போட்டுக் குறித்துக்கொண்டே வந்தார். இங்கிலாந்தின் லெஸ்டரில் இருக்கும் மகள் அதே வானொலியை இணையத்தில் கேட்டுக்கொண்டு தொலைபேசியில் இருந்தாள். பேச்சு இல்லை, இரண்டு பக்கமும் வானொலிச் சத்தம் மட்டும். 

முடிவு: ஐக்கியக் கூட்டணி 5, 2019 முதல் ஆண்ட மாற்றத்துக்கும் வளத்துக்குமான இயக்கம் 3, மக்கள் ஜனநாயக இயக்கம் 1. ரூபன் மீட் மீண்டும் பிரீமியர் (முதலமைச்சர் பதவியின் இன்றைய பெயர்) ஆனார். 1995இல் மலை முதலில் புகைந்தபோது முதலமைச்சராக இருந்தவர் அவர்தான். அந்தப் பெயர் வானொலியில் வந்ததும் மிஸ் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். மூன்று கட்சிகளின் பெயரும் அதில் இருந்தன. ஆறு பேர் வென்றிருந்தார்கள், மூன்று பேர் தோற்றிருந்தார்கள். தோற்ற மூன்று பெயர்களையும் அவர் கட்டம் போட்டு வைத்திருந்தார். நாளைக் காலையில் அந்த மூன்று வீட்டுக்கும் ரொட்டி சுட்டு எடுத்துப் போக வேண்டும் என்றார். மாவு பிசையும்போது என்னை எழுப்பச் சொன்னேன். எழுப்பினார், நாலரை மணிக்கு.